காலைப் பாத்துட்டு அப்புறம் பட்டியல் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூணு வாரமா உங்க விளையாட்டுப் பக்கத்துல, ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்ல இதுவரைக்கும் வந்தவங்கள்லயே பெரிய ஆள் யாருன்னு வாசகர்கள் எழுதற கடிதங்களை ஒண்ணு விடாம படிச்சுட்டு வர்றேன், நம்ம பாஷையில இந்த விளையாட்டைப் பத்தி இத்தனை பேர் இவ்ளோ ஆசையா சண்டை போடறதைப் பாக்கவே எனக்கு சந்தோஷமா இருக்கு. ஆனா படிக்கப் படிக்க ஒரு விஷயம் மனசை உறுத்திட்டே இருந்துச்சு. ஒருத்தர் ஒலிம்பிக் தங்கத்தை எண்றாரு, இன்னொருத்தர் உலக சாம்பியன்ஷிப்பை எண்றாரு, மூணாவது ஆளு ஒரு புரோகிராம்ல எத்தனை குவாட், அதாவது காத்துல நாலு சுத்து சுத்தற ஜம்ப், போட்டாங்கன்னு எண்றாரு, எண்ணி முடிச்சதும் "இவருதான்"னு அடிச்சு சொல்லிடறாங்க. யாருமே அந்த மனுஷன் ஐஸ் மேல எப்படி ஓடினாருன்னு ஒரு வரி எழுதல. ஸ்கேட்டிங்னா முதல்ல அதுதானே சார்?

நானும் பல வருஷம் அப்படித்தான் பாத்துட்டு இருந்தேன், அதனால யாரையும் குத்தம் சொல்ல வரல. என்னை மாத்தினது என் அக்கா பொண்ணு. அவ கொஞ்ச வருஷம் முறையா ஸ்கேட்டிங் கத்துக்கிட்டவ. ஒரு நாள் ரெண்டு பேரும் ஒக்காந்து ஜப்பானோட யுசுரு ஹன்யு ஆடின பழைய வீடியோ ஒண்ணு பாத்துட்டு இருந்தோம், நான் ஜம்ப் எப்ப வரும் எப்ப வரும்னு காத்துட்டு இருக்கேன், அவ டக்குனு நிறுத்திட்டு "சித்தி, நீங்க மூஞ்சியையே பாத்துட்டு இருக்கீங்க, கீழ பாருங்க, காலைப் பாருங்க"ன்னா. அப்புறம் அதே இடத்தை கால்வாசி வேகத்துல ஓட விட்டா. ஷூவுக்கு அடியில இருக்கற பிளேடு தட்டையா இருக்காதாம், அடிப்பக்கம் நடுவுல லேசா குழிஞ்சு ரெண்டு ஓரமும் கூரா இருக்குமாம், உள்பக்க ஓரம் ஒண்ணு வெளிப்பக்க ஓரம் ஒண்ணு, அதைத்தான் எட்ஜ்னு சொல்றாங்க. ஸ்கேட்டர் நேரா நிமிந்து போனா ரெண்டு ஓரமும் ஐஸ்ல படும், ஒரு பக்கம் சாஞ்சா ஒரு ஓரம் மட்டும் கடிச்சு வளைவா போகும். எவ்ளோ சாயறாங்களோ அவ்ளோ ஆழமான எட்ஜ். நல்ல ஸ்கேட்டர் உடம்பு மொத்தமும் கீழ விழுந்துடுமோங்கற அளவுக்கு சாஞ்சிருக்கும், ஆனா வேகம் குறையாது, தள்ளற மாதிரியே தெரியாது, அது பாட்டுக்கு ஓடும்.

அன்னைக்கு அவ காட்டினது ஒரு டிரிபிள் ஆக்சல். டோ லூப், சால்கோ, லூப், ஃப்ளிப், லட்ஸ், ஆக்சல்னு இருக்கற ஆறு வகை ஜம்ப்ல ஆக்சல் மட்டும்தான் முன்பக்கம் பாத்து தாவறது, அதனால மூணு சுத்துன்னா உண்மையில மூணரை சுத்து. பொதுவா என்ன பண்ணுவாங்கன்னா, நீளமா பின்பக்கமாவே வழுக்கிட்டு வந்து, மூச்சைப் பிடிச்சு, இடத்தைக் குறி பாத்து, அப்புறம் முன்னாடி திரும்பி காலை வச்சு தாவுவாங்க, பாக்கற நமக்கே "இதோ வரப்போகுது"ன்னு தெரிஞ்சுடும். ஹன்யு என்ன பண்றாருன்னா, பின்னாடி போயிட்டு இருக்கவரு ஒத்தக் கால்லயே சட்டுனு கவுன்டர்னு ஒரு திருப்பம் போட்டு முன்பக்கம் வர்றாரு, வந்த அடுத்த கணமே மேல போயிட்டாரு. தயாராகற நேரம்னு ஒண்ணே இல்ல. இறங்கினதும் நிக்காம அப்படியே சுத்திக்கிட்டே அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடறாரு. அவ அதை மூணு தடவை போட்டுக் காட்டினா, மூணாவது தடவைதான் எனக்கு அந்தத் திருப்பமே கண்ணுல பட்டுச்சு. அதுவரைக்கும் நான் பாத்த எத்தனையோ புரோகிராம்ல பாதியைத் தவற விட்டிருக்கேன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

இதை ஏன் இவ்ளோ விலாவாரியா எழுதறேன்னா, இந்த விளையாட்டோட பேர்லயே அது இருக்கு. ஃபிகர்னா ஐஸ் மேல பிளேடால வரையற உருவம். வட்டம் போடணும், எட்டு மாதிரி போடணும், அதுக்குள்ள திருப்பம் போடணும், ஒரு தடவை போட்ட கோட்டு மேலயே மறுபடி மறுபடி போகணும், கோடு விலகக் கூடாது. ஜட்ஜுங்க ஐஸ் மேலயே இறங்கி நடந்து வந்து, குனிஞ்சு அந்தக் கோட்டைப் பாத்து மார்க் போடுவாங்க. ரொம்ப காலம் மொத்த மார்க்ல பாதிக்கு மேல இதுக்குத்தான் போச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, 1990 உலக சாம்பியன்ஷிப்போட மொத்தமா எடுத்துட்டாங்க. இது தெரியாம பழைய பதக்கப் பட்டியலை வச்சுக்கிட்டு பேசினா ஒண்ணும் புரியாது. 1984 சரயேவோ ஒலிம்பிக்கை எடுத்துக்கோங்க, ஷார்ட் புரோகிராம்ங்கற சின்ன ஆட்டத்துலயும் ஃப்ரீ ஸ்கேட்ங்கற நீளமான ஆட்டத்துலயும் முதல் இடம் கனடாவோட பிரையன் ஆர்சருக்கு, ஆனா தங்கம் அமெரிக்காவோட ஸ்காட் ஹாமில்டனுக்கு. ஏன்னா ஃபிகர்ஸ்ல ஹாமில்டன் முதல், ஆர்சர் ஏழாவது. யாரும் ஏமாத்தல, அன்னைக்கு விதி அப்படி. டோலர் கிரான்ஸ்டன்னு கனடாக்காரர் ஒருத்தர், அவரு ஃப்ரீ ஸ்கேட்டைப் பாத்தவங்க இன்னைக்கும் பேசறாங்க, உடம்பு மொத்தத்தையும் முறுக்கி வளைச்சு ஆடுவாரு, ஃபிகர்ஸ் சரியா வராததால பெரிய தங்கம் எதுவும் கிடைக்கல, 1976 ஒலிம்பிக்ல வெண்கலம். வெண்கலம்தானேன்னு வாசகர்கள் எழுதின பேர்கள்ல அவரு பேரே இல்ல.

இப்ப பதக்கக் கணக்குக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. தங்கத்தை மட்டும் எண்ணணும்னா பேச்சே வேண்டாம், ஸ்வீடனோட கில்லிஸ் கிராஃப்ஸ்ட்ரோம் 1920, 1924, 1928னு தொடர்ந்து மூணு ஒலிம்பிக் தங்கம், 1932-ல வெள்ளி, ஆண்கள் தனிநபர்ல இன்னைக்கு வரைக்கும் மூணு தங்கம் வேற யாருக்கும் இல்ல. உலக சாம்பியன்ஷிப்னா அதே ஸ்வீடனோட உல்ரிக் சால்கோ, 1901-ல ஆரம்பிச்சு 1911-க்குள்ள பத்து தடவை. ஆனா சால்கோ காலத்துல சில வருஷம் மொத்தப் போட்டியாளரையே விரல் விட்டு எண்ணிடலாம். நான் அவரைக் குறைச்சு சொல்லல, அவரு பேர்ல ஒரு ஜம்ப் நூறு வருஷம் தாண்டியும் நிக்குதுன்னா அதுவே போதும். பத்துங்கற நம்பரை வச்சு மத்தவங்களை அடிக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

அமெரிக்காவோட டிக் பட்டன் பத்தி ஒரு வாசகர் "ரெண்டே சுத்து குதிச்சவரை எல்லாம் இன்னைக்கு ஜூனியர் பசங்களே தோக்கடிச்சுடுவாங்க"ன்னு எழுதியிருந்தாரு. அதைப் படிச்சதும்தான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆகணும்னு ஒக்காந்தேன். 1948 செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக், திறந்தவெளி ரிங்க், அதாவது ஐஸ் தளம், வெயில் காத்து பனி எல்லாத்தையும் ஐஸ் வாங்கிக்கும், பட்டனுக்கு வயசு 18. டபுள் ஆக்சலை அதுவரைக்கும் போட்டியில யாரும் போட்டதில்ல, அவரே அதை முதல் தடவையா பிராக்டிஸ்ல சரியா இறங்கினது போட்டிக்குக் கொஞ்சம் முன்னாடிதான். மார்க்ல முன்னிலையில இருக்கற ஒரு பையன் என்ன செய்வான், தெரிஞ்சதை ஒழுங்கா செஞ்சுட்டு தங்கத்தை வாங்கிட்டுப் போவான். அவரு அந்த ஜம்பை புரோகிராம்ல வச்சாரு, இறங்கினாரு. நாலு வருஷம் கழிச்சு ஆஸ்லோ ஒலிம்பிக்ல மறுபடி அதே வேலை, இந்தத் தடவை டிரிபிள் லூப். போட்டியில உலகத்துலயே முதல் டிரிபிள் ஜம்ப் அது. ரெண்டு சுத்தே பெரிய விஷயமா இருந்த காலத்துல மூணு சுத்து சுத்தி ஒத்தக் கால்ல இறங்க முடியும்னு ஒரு மனுஷன் காட்டினாரு. ஒத்தக் கால்ல நின்னு உடம்பையும் இன்னொரு காலையும் படுக்கை வாக்குல நீட்டி சுத்தறது கேமல் ஸ்பின், அதைக் காத்துல பறந்து போய் இறங்கி சுத்தறது இருக்கே, அதுவும் அவரு கொண்டு வந்ததுதான், பட்டன் கேமல்னே சொல்லுவாங்க. இன்னைக்குப் பசங்க குவாட் போடறாங்கன்னா அவரு போட்ட பாதையில நடந்துதான் போடறாங்க, அப்புறம் எப்படி அவரைத் தோக்கடிக்கறது? 2025 ஜனவரியில 95 வயசுல அவரு போனப்ப, அடுத்தடுத்து ரெண்டு ஒலிம்பிக் தங்கம்ங்கற அவரோட சாதனையை 66 வருஷம் கழிச்சு ஒரே ஒரு ஆள்தான் எட்டியிருந்தாரு. அந்த ஆளைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

பிரிட்டனோட ஜான் கர்ரி பேரை ஒருத்தர் கூட எழுதாதது எனக்கு ரொம்ப வருத்தம். சின்ன வயசுல பாலே கத்துக்கணும்னு ஆசைப்பட்டாரு, அப்பா விடல, ஸ்கேட்டிங்னா விளையாட்டுதானேன்னு அதுக்கு மட்டும் சம்மதிச்சாரு. அந்தப் பையன் பாலேவைத் தூக்கிட்டு வந்து ஐஸ் மேல வச்சுட்டாரு. ஆம்பளைங்க இப்படி கையை நீட்டி வளைச்சு ஆடக் கூடாதுன்னு சொன்ன ஜட்ஜுங்களை எல்லாம் தாண்டி, 1976-ல ஒரே வருஷத்துல ஐரோப்பிய பட்டம், இன்ஸ்ப்ரூக்ல ஒலிம்பிக் தங்கம், உலக சாம்பியன்ஷிப் மூணையும் எடுத்தாரு. அப்புறம் சொந்தமா குழு வச்சு 1984-ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ஹவுஸ்ல போய் ஸ்கேட் பண்ணாங்க. 1994-ல 44 வயசுலயே எய்ட்ஸ் வந்து இறந்துட்டாரு. அவரோட வீடியோவைப் பாருங்க, குவாட் கிடையாது, டிரிபிளே கொஞ்சம்தான், ஆனா ஐஸைத் தள்ளி ஓடற ஒரு சாதாரண ஸ்ட்ரோக்கை முடிக்கும்போது விரல் நுனி வரைக்கும் அந்த அசைவு முடிஞ்சிருக்கும். இன்னைக்கு ஆம்பளைங்க யாராவது இசைக்கு உடம்பைக் குடுத்து ஆடறதைப் பாத்து நாம கண் கலங்கறோம்னா, முதல்ல அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டவரு அவரு.

சரி, குவாட் கணக்குக்கு வருவோம். அதை ஆரம்பிச்சு வச்சதே ஒலிம்பிக் பதக்கம் ஒண்ணு கூட இல்லாத ஒருத்தர்தான், கனடாவோட கர்ட் பிரவுனிங். இதுலயும் ஒரு கதை இருக்கு. 1986 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல செக்கோஸ்லோவாக்கியாவோட யோசெஃப் சபோவ்சிக் குவாட் டோ லூப் போட்டாரு, முதல்ல ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் வீடியோ பாத்துட்டு இன்னொரு கால் ஐஸைத் தொட்டுடுச்சுன்னு கணக்குல இருந்து எடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 1988 மார்ச்ல புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்ல பிரவுனிங் அதே ஜம்பைப் போட்டாரு, இறங்கின கால்லயே கூட ஒரு திருப்பம் போயிடுச்சு, ஆனா இன்னொரு கால் கீழ படவே இல்ல, அங்கீகாரம் கிடைச்ச முதல் குவாட் அது. அந்தப் போட்டியில அவருக்குக் கிடைச்சது ஆறாவது இடம். சரித்திரத்தை எழுதிட்டு ஆறாவதா வீட்டுக்குப் போனாரு. அதுக்கப்புறம் 1989, 1990, 1991, 1993னு நாலு உலகப் பட்டம். ஒலிம்பிக்ல மட்டும் எட்டாவது, ஆறாவது, அஞ்சாவது. 1994-ல லில்லஹாமர்ல ஷார்ட் புரோகிராம்லயே சறுக்கி 12-வது இடத்துக்குப் போயிட்டு, ஃப்ரீ ஸ்கேட்ல ஏறி அஞ்சாவதா முடிச்சாரு. ஒலிம்பிக்னு வந்த அந்தச் சில நிமிஷம் சரியா அமையலங்கறதுக்காக ஒருத்தரோட பத்து வருஷத்தை ஓரமா வச்சுடலாமா? அவரு ஃபுட்வொர்க்கைப் பாத்தவங்களுக்குத் தெரியும், கால் ரெண்டும் பேசிக்கற மாதிரி இருக்கும். எனக்குக் கேட்டா, பதக்கத்தை வச்சுப் பட்டியல் போடறது தப்புங்கறதுக்கு இந்த ஒரு ஆளே போதும்.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் பத்தி நிறைய எழுதலாம், சுருக்கமா சொல்றேன். ரஷ்யாவோட அலெக்சி யாகுதினும் எவ்கெனி பிளஷென்கோவும் ஒரு காலத்துல ஒரே கோச் கிட்ட, அலெக்சி மிஷின் கிட்ட, ஒண்ணா பிராக்டிஸ் பண்ணவங்க. யாகுதின் விலகி தத்யானா தாரசோவா கிட்ட போனாரு, ரெண்டு பேருக்கும் நடுவுல வந்த போட்டிதான் அவங்களை அந்த உயரத்துக்குத் தள்ளுச்சுன்னு நான் நெனைக்கறேன். அந்த ஒலிம்பிக்ல யாகுதினோட ஷார்ட் புரோகிராம்ல ஒரு ஸ்டெப் வரிசை வரும், பிளேடு நுனியில கிடுகிடுன்னு ஓடி, ரெண்டு கையாலயும் பனியை வாரி எறியற மாதிரி பண்ணுவாரு, அதுல ஜம்பே கிடையாது, அதைத்தான் ஜனங்க இன்னும் திரும்பத் திரும்ப பாக்கறாங்க. பிளஷென்கோவுக்கு அன்னைக்கு குவாட்ல விழுந்து வெள்ளி, 2006-ல டுரின்ல தங்கம், 2010-ல மறுபடி வெள்ளி.

அந்த 2010 வான்கூவர் ஒலிம்பிக்கைப் பத்தி உங்க வாசகர் ஒருத்தர் "குவாட் போடாதவனுக்குத் தங்கம் குடுத்தது அநியாயம்"னு கொதிச்சிருந்தாரு. நான் அதோட ஒத்துப் போகல. 2002-ல ஜோடிகள் போட்டியில ஜட்ஜிங் ஊழல் வெடிச்சு ரெண்டு ஜோடிக்குத் தங்கம் குடுக்க வேண்டி வந்ததால, பழைய 6.0 மார்க் முறையைத் தூக்கிட்டு, ஒவ்வொரு ஜம்புக்கும் ஸ்பின்னுக்கும் தனித்தனியா பாயின்ட் குடுக்கற புது முறை வந்துச்சு. அதுல புரோகிராமோட ரெண்டாவது பாதியில, கால் தளர்ந்த பிறகு குதிக்கற ஜம்புக்கு அப்ப 10 சதவீதம் கூடுதல். தங்கம் வாங்கின அமெரிக்காவோட இவான் லைசாசெக் அதைப் புரிஞ்சுக்கிட்டு கஷ்டமான ஜம்பை எல்லாம் பின்னாடி தள்ளி வச்சாரு. பிளஷென்கோ குவாட்டும் அதை ஒட்டியே ஒரு டிரிபிளும் போட்டாரு, ஆனா காத்துல சாஞ்ச மாதிரி இறங்கின ஜம்ப் ரெண்டு மூணு இருந்துச்சு. கலைக்கான மார்க் ஃப்ரீ ஸ்கேட்ல ரெண்டு பேருக்கும் அட்சரம் பிசகாம 82.80. மொத்தத்துல 257.67, 256.36. வித்தியாசம் 1.31. இதுல அநியாயம் எங்க இருக்கு? ரிஸ்க் எடுத்தவருக்கு குவாட்டுக்கான பாயின்ட் கம்மியா இருந்துச்சுன்னு விதியைத் திட்டலாம், நானும் திட்டுவேன், அதுக்காக லைசாசெக்கைத் திருடன் மாதிரி எழுதறது முறையில்ல.

அதே மாதிரி கனடாவோட பேட்ரிக் சான். 2013 உலக சாம்பியன்ஷிப்ல ஃப்ரீ ஸ்கேட்ல ரெண்டு தடவை விழுந்தும் 1.30 பாயின்ட்ல கசகஸ்தானோட டெனிஸ் டென்னைத் தாண்டி ஜெயிச்சாரு, அதுக்காக அவரை இன்னைக்கும் விட மாட்டேங்கறாங்க. அந்த முடிவு எனக்கும் பிடிக்கல, அன்னைக்கு டென் ஜெயிச்சிருக்கணும். 2018-ல 25 வயசுல அல்மாட்டியில அந்தப் பையனைக் கத்தியால குத்திக் கொன்னுட்டாங்கன்னு கேள்விப்பட்டப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த 1.30 பாயின்ட்தான். ஆனா சானோட எட்ஜைப் பத்தி யாரும் தப்பு சொல்ல முடியாது. ரெண்டு தள்ளு தள்ளினா ரிங்கோட அந்தக் கோடிக்குப் போயிடுவாரு, ஐஸை அழுத்தற சத்தம் கூட கேக்காது. என் அக்கா பொண்ணு சொல்லுவா, அவங்க கத்துக்கிட்ட இடத்துல எட்ஜ்னா என்னன்னு காட்டறதுக்கு முதல்ல போட்டுக் காட்டின வீடியோ சானோடதாம்.

இனி எல்லாரும் மல்லுக்கட்டற இடம், ஹன்யுவா சென்னா. அமெரிக்காவோட நேத்தன் சென் கட்சிக்காரங்க சொல்றதுல உண்மை இருக்கு, அதை மறைக்க வேண்டியதில்ல. 2019 சைதாமா உலக சாம்பியன்ஷிப், ஹன்யுவோட சொந்த நாட்டு ஜனங்க முன்னாடி, சென் 323.42, ஹன்யு 300.97. அதே வருஷம் டுரின்ல கிராண்ட் ப்ரி ஃபைனல்ல சென் 335.30, ஹன்யு 291.43. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ல சென்னுக்குத் தங்கம். நேருக்கு நேர்னு வந்தா கடைசி வருஷங்கள்ல சென்தான். அதை விட எனக்கு சென்னைப் பிடிக்கறதுக்குக் காரணம் 2018 பியோங்சாங் ஒலிம்பிக். ஷார்ட் புரோகிராம்ல எல்லா ஜம்பும் போய் 17-வது இடம். அடுத்த நாள் ஃப்ரீ ஸ்கேட்ல ஆறு குவாட் வச்சு 215.08 எடுத்து அன்னைக்கு முதல் ஆளா வந்து மொத்தத்துல அஞ்சாவதா முடிச்சாரு. பதக்கம் இல்ல, இருந்தும் அந்த ராத்திரி அவரு எப்படி எழுந்து வந்திருப்பாருன்னு நெனைச்சுப் பாருங்க, 18 வயசு.

ஆனா ஒரு தப்புக் கணக்கு இருக்கு, அதைத் திருத்தணும். "ஹன்யுவோட அதிகபட்சம் 330.43, சென்னோடது 335.30, கதை முடிஞ்சுது"ன்னு எழுதியிருந்தீங்களே ஒருத்தர், அது ஒரே தராசுல நிறுத்த எடை இல்ல. ஹன்யுவோட 330.43 வந்தது 2015-ல. 2018-ல விதியை மாத்திட்டாங்க. ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட் நாலரை நிமிஷத்துல இருந்து நாலு நிமிஷமாச்சு, ஜம்ப் எட்டுல இருந்து ஏழாச்சு, குவாட்டோட அடிப்படைப் பாயின்ட்டைக் குறைச்சாங்க, குவாட் லட்ஸ் 13.6-ல இருந்து 11.5-க்கு வந்துச்சு, தரத்துக்குக் குடுக்கற கூட்டல் கழித்தல் மூணு வரைக்கும் இருந்தது அஞ்சு வரைக்கும் போச்சு. அதனாலதான் பழைய ரெக்கார்டை எல்லாம் தனியா எடுத்து வச்சுட்டு புதுசா எண்ண ஆரம்பிச்சாங்க. ரெண்டையும் கழிச்சுப் பாத்து 4.87 பெரியவருன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

ஹன்யு கட்சிக்காரங்க கிட்டயும் எனக்கு ஒரு குறை இருக்கு. 2011 மார்ச் 11 பூகம்பத்துல செண்டாய் ரிங்க்ல இருந்து ஸ்கேட்ஸோடயே வெளிய ஓடி வந்த கதை, ரிங்க் மூடினதும் ஐஸ் ஷோ நடந்த ஊர் ஊரா போய் அங்க கிடைச்ச ஐஸ்ல பிராக்டிஸ் பண்ணின கதை, 2014 ஷாங்காய்ல வார்ம் அப்ல சீனாவோட ஹான் யான்ங்கற ஸ்கேட்டரோட மோதி தலையில கட்டு போட்டுக்கிட்டு ஆடின கதை, எல்லாம் எனக்கும் தெரியும், எனக்கும் கண்ணு கலங்கும். ஆனா ஒருத்தர் பட்ட கஷ்டத்தை வச்சு பெரிய ஸ்கேட்டர்னு சொல்லக் கூடாது. ஷாங்காய்ல அன்னைக்கு அவரை ஐஸ் மேல விட்டிருக்கவே கூடாதுங்கறது என் கருத்து, தலையில அடிபட்ட பையன் அஞ்சு தடவை விழுந்ததைப் பாத்து கை தட்டினது சரியில்ல.

அவரைப் பெரியவருன்னு சொல்றதுக்கு ஐஸ் மேல நடந்ததே போதும். 2014 சோச்சி ஒலிம்பிக்ல ஷார்ட் புரோகிராம்ல 101.45, ஒலிம்பிக்ல நூறைத் தாண்டின முதல் ஆளு. 2015-ல ஜப்பான்ல நடந்த என்ஹெச்கே டிராஃபி போட்டியில 322.40, மொத்தத்துல முந்நூறைத் தாண்டின முதல் ஆளு, ஃப்ரீ ஸ்கேட்ல இருநூறைத் தாண்டினதும் அங்கதான். 2016-ல போட்டியில முதல் குவாட் லூப். 2017 நவம்பர்ல குவாட் லட்ஸ் பிராக்டிஸ்ல வலது கணுக்கால் போச்சு, இறங்கற கால் அதுதான், மூணு மாசம் கழிச்சு போட்டியே ஆடாம நேரா பியோங்சாங் வந்து ஷார்ட் புரோகிராம்ல 111.68 போட்டு மொத்தம் 317.85-ல ரெண்டாவது ஒலிம்பிக் தங்கம். நான் இந்த நம்பரை எல்லாம் எழுதறது எண்றதுக்கு இல்ல, ஒவ்வொண்ணும் எந்த மாதிரி ஸ்கேட்டிங்ல வந்துச்சுன்னு பாருங்கன்னு கேக்கறதுக்கு. நான் மேல சொன்ன அந்தக் கவுன்டர் திருப்பம், அதை அவரு ஒலிம்பிக் தங்கம் கிடைக்குமா போயிடுமாங்கற நேரத்துல வைக்கறாரு. கஷ்டமான ஜம்பை இன்னும் கஷ்டமாக்கிக்கிட்டு, அது கஷ்டம்னே நமக்குத் தெரியாம பண்றாரு. பட்டன் கிட்ட இருந்த துணிச்சல், கர்ரி கிட்ட இருந்த உடம்பு, பிரவுனிங் கிட்ட இருந்த கால், ஒரே ஆள் கிட்ட இவ்ளோ சேந்து நான் பாத்ததில்ல.

பெய்ஜிங்ல அவரு நாலாவதா முடிச்சதை சிலர் சறுக்கல்னு எழுதறாங்க. ஷார்ட் புரோகிராம்ல முதல் ஜம்ப், குவாட் சால்கோ, தாவற இடத்துல ஏற்கனவே இருந்த ஒரு குழியில பிளேடு மாட்டி ஒரு சுத்தோட போயிடுச்சு, எட்டாவது இடம். அதுக்கப்புறம் ஃப்ரீ ஸ்கேட்ல பத்திரமா ஆடியிருந்தா பதக்கத்துக்கு வாய்ப்பு இருந்துச்சு. அவரு குவாட் ஆக்சலை வச்சாரு. நாலரை சுத்து. முழுசா சுத்தல, விழுந்துட்டாரு, ஆனா போட்டியில குவாட் ஆக்சல்னு பேர் பதிவான முதல் முயற்சி அது. அதே வருஷம் செப்டம்பர்ல லேக் பிளாசிட்ல அமெரிக்காவோட 17 வயசு இலியா மலினின் அதை சுத்தமா இறங்கினாரு. மலினின் கதை இன்னும் ஓடிட்டு இருக்கு, 2024 மாண்ட்ரியல் உலக சாம்பியன்ஷிப் ஃப்ரீ ஸ்கேட்ல 227.79 எடுத்தப்ப நானும் எழுந்து நின்னு கத்தினேன், ஆனா அவரை இப்பவே தராசுல ஏத்த வேண்டாம், அவரு ஸ்கேட் பண்ணி முடிக்கட்டும்.

என் ஓட்டு யாருக்குன்னு கேட்டா, ஹன்யு, அதுக்கு அடுத்து டிக் பட்டன், ரெண்டு பேருக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. மூணாவது இடத்துக்கு சென், கர்ரி ரெண்டு பேர்ல யாருன்னு இன்னும் என் அக்கா பொண்ணோட சண்டை போட்டுட்டு இருக்கேன், அவ சென் கட்சி.

ஆசிரியர் கிட்ட ஒரு வேண்டுகோள். வர்ற ஞாயிறு வாசகர் ஓட்டை வச்சு டாப் பத்து பட்டியல் போடப் போறதா அறிவிச்சிருக்கீங்க. பேருக்குப் பக்கத்துல பதக்கத்தை மட்டும் போடாம, அவரு ஆடின காலத்துல எதுக்கு எவ்ளோ மார்க்னு ஒரு வரியும், அவரு என்ன புதுசா கொண்டு வந்தாருன்னு ஒரு வரியும் போடுங்க. படம் போடும்போது மெடலைக் கடிச்சுக்கிட்டு நிக்கற படத்தை விட்டுட்டு, கால் தெரியற மாதிரி, எட்ஜ்ல சாஞ்சு ஓடற படமா தேடிப் போடுங்க. பிரவுனிங் பேர் அந்தப் பத்துக்குள்ள இல்லன்னா நான் மறுபடி எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்க விளையாட்டுப் பக்கத்தோட பல வருஷ வாசகி